சிவப்பு வட்டத்துக்குள் குட்டித்துளி

1

இந்தக் காலத்தில் ஒருவனும் குழாயை ஒழுங்காக மூடுவதில்லை. கையைக் கழுவுகிறான், போகிறான். இந்தக் கதை பிறந்ததே அப்படி ஒரு குழாயடியில்தான். மகள் வேலைபார்க்கும் ஆய்வுக்கூடத் தாழ்வாரம். சாப்பாடு கொண்டுபோன கிழவர் குழாயை மூடப் போனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருப்பா. மேல நூல் மாதிரி வருது, கீழ பாரு, துளித்துளியா உடையுது. இதத்தான் நான் கண்ணாடிச் சில்லுக்குள்ள செய்யறேன்."

"யாரு உடைக்கிறா?"

"யாருமில்லப்பா. தண்ணிக்கு நீளமா இருக்கப் பிடிக்காது. லேசா நெளிஞ்சாப் போதும், அந்த இடம் ஒடுங்கி ஒடுங்கி அறுந்துடும்."

"தானா அறுந்துடுமாம்! யார் காதுல பூ சுத்தற?"

அந்தக் கிழவர்தான் இதை எழுதுகிறவர். (படிப்பு ஐந்தாவதோடு சரி. பிழையைப் பொறுக்க வேண்டாம், திட்டுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினார்: "அறிவியலின் அற்புத உலகில் ஒரு பெண்..." தூ. அடித்தாயிற்று.

மறுபடியும். சில்லுக்குள் முடியைவிட மெல்லிய வாய்க்கால். நடுவில் மருந்துநீர், இருபுறமும் எண்ணெய் நெருக்கும். நீர் நூலாகித் துளியாகும். எல்லாத் துளியும் ஒரே அளவாக இருந்தால்தான் மருந்து. ஆனால் இரண்டு பெருந்துளிக்கு நடுவே ஒரு குட்டித்துளி, அழையா விருந்தாளியாக.

மறுநாள் பணம் போடுகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் மகளுக்கு வேலை இல்லை. அவளுடைய மேலாளர் (கிழவர் வைத்த பெயர்: சலவைச்சட்டை) சொன்னார்:

"அவங்களுக்குக் காட்டற துளிப் படத்துல குட்டிய அழிச்சுடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஊசி போட்டுக்கறவங்க உடம்புக்குத் தெரியும் சார்."

3

சலவைச்சட்டையைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தார். அவர் வீட்டிலும் நாலு வயிறு என்று எழுதிப் பார்த்தார். இரண்டும் ஒட்டவில்லை. அந்த ஆள் சொன்னதே போதும்.

மகள் படத்தை அழிக்கவில்லை. ஒவ்வொரு குட்டித்துளியைச் சுற்றியும் சிவப்பு வட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும் சுவரில் ஒட்டினாள்.

"வேலை போச்சுன்னா?"

"போகட்டும்ப்பா. நீ மட்டும் யாரு சொல்லைக் கேட்டிருக்க?"



4

முடிவு ஒன்று: வந்தவர்கள் எழுந்து நின்று கை...

முடிவு இரண்டு: பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வெளியே...

இல்லை. வந்தவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை. நடக்காததை எழுதினால், குட்டியை அழிக்கச் சொன்னவருக்கும் எழுதுகிறவருக்கும் என்ன வித்தியாசம்? அவசரமென்றால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு வட்டத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

தாழ்வாரத்தில் மறுபடியும் எவனோ குழாயை மூடாமல் போயிருக்கிறான். கிழவர் குனிந்து பார்த்தார். மேலே நூல், கீழே துளி. நடுவில் விரலை வைத்துத் துழாவினார். உடைக்கிறவர் ஒருவரும் இல்லை.

"தானாவாம்!"

குழாயை இறுக்கி மூடிவிட்டு நடந்தார்.