நாலு கோட்டுக் கடிகாரம்

எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் பொன்னாயியை "மணி பாக்குற மகராசி" என்றுதான் கேலி பேசுவார்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவள் வேலை பார்க்கும் துரை பங்களாவின் பழைய கடிகாரத்தில் சின்ன முள் ரெண்டு குச்சிக்கு வந்தால் பதினொன்று, பானை மேல் பானைக்கு வந்தால் எட்டு என்று டக்கென்று சொல்லிவிடுவாள்.

போன மாதம் புதுத் துரைசாணி அந்தக் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். சீமையிலிருந்து வேறொன்று வந்து கணப்படுப்பு மேல் உட்கார்ந்தது. சதுரமான வெள்ளைப் பெட்டி. நம்பர் கிடையாது, பூவேலை கிடையாது, காலும் கிடையாது. நாலு பக்கமும் நாலு கோடு, நடுவில் ரெண்டு முள்.

"இதுல எப்படிங்க மணி பாக்கறது?"

"மேலே கோடு பன்னண்டு. வேண்டாதது ஒண்ணுமே இல்லே, பொன்னாயி. அதுதான் அழகு."

பொன்னாயி அதையும் இரண்டே நாளில் பழகிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் மகள் காவேரி புருஷனோடு கண்டிச் சீமைக்குப் புறப்படுகிறாள். மலைச்சரிவில் கீழே ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பன்னிரண்டு மணிக்குச் சேலம் பஸ். கண்டிக்குப் போனவர்கள் திரும்பி வந்த கதை அந்த லைனில் கிடையாது. பதினொன்றுக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டு, துரைசாணி விடிந்ததுமே துரையோடு கிளப்புக்குப் போய்விட்டாள்.

மலை முழுக்க மூடுபனி. மழையால் எஸ்டேட்டில் வேலை இல்லை. மத்தியானச் சங்கும் இல்லை. பொன்னாயி கூட்டினாள், மெழுகினாள், கடிகாரத்தில் பூத்திருந்த பூஞ்சணத்தையும் அதைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்து வைத்தாள். எல்லாம் முடித்து நிமிர்ந்தால் சின்ன முள் எட்டில்தான் இருந்தது.

"அட, இன்னிக்குக் கை பறக்குதே!"

மகளுக்கு வெல்லக் கச்சாயம் சுட உட்கார்ந்தாள். காவேரிக்கு ஓரம் முறுகியிருக்க வேண்டும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சுட்டெடுத்தாள். சின்ன முள் உச்சிக் கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால், பதினொன்றுக்கு வந்ததும் பொட்டலத்தோடு இறங்கினாள்.

ஒண்டிக்கடையில் ஈ காக்கை இல்லை. காப்பிக்கடை ஐயாக்கண்ணு மட்டும் உள்ளேயிருந்து தலையை நீட்டினார்.

"ஏனுங்க, சேலம் பஸ் இன்னும் வரலீங்களா?"

"வந்து போயி மூணு மணி நேரமாச்சுங்கக்கா."

"வெளையாடாதீங்க. நான் மணி பாத்துட்டுத்தானுங்க வந்தேன்."

"உங்க புள்ளையும் அதையேதான் சொல்லுச்சு. டிரைவர் ஆரன் அடிக்கறான், புருஷன் கையப் புடிச்சு இழுக்கறான். அது படியில ஒத்தக் காலை வெச்சுக்கிட்டு, 'எங்கம்மாவுக்கு மணி பாக்கத் தெரியுமுங்க, தப்பாதுங்க, செத்த நில்லுங்க'ன்னு கெஞ்சுது. நொம்ப நேரம் நிப்பானுங்களா?"

பொன்னாயி சேலம் போகும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தடிக்கு மேல் பாதையும் தெரியவில்லை.

பொழுது சாயத் துரைசாணி திரும்பி வந்தாள். கணப்படுப்பு மேல் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஓ, பொன்னாயி! நீ தொடைச்சியா? மேல் கோடு இடது பக்கம் போயிடுச்சு. கடிகாரம் படுத்துத் தூங்குது!"

ஒற்றை விரலால் அதைப் புரட்டி நிறுத்தினாள். பொன்னாயி உற்றுப் பார்த்தாள். முள் இடம் மாறியது. பெட்டி முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது.

"மகளைப் பாத்தியா?"

"பாத்தேனுங்க" என்றாள் பொன்னாயி. "அழுவாமப் போனாளுங்க."