பன்னிரண்டு லிட்டர் தாங்கும் கதவு

அழகுத்தாய்க்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், கை ஓடும். அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்துக்குள் பதினாலு கதவுக்கு ரப்பர் மாட்டித் தள்ளிவிட்டாள். மற்ற நாளில் பத்தைத் தாண்டாது.

"ஏட்டி அழகு, கொஞ்சம் மெதுவாப் போடு" என்றாள் பக்கத்து மேசைத் தங்கமாரி. "நாளையில இருந்து எல்லாரும் பதினாலு போடுங்கன்னு சொல்லிருவாவ. ஒன் கோவத்துக்கு நாங்களா சாகணும்?"

அழகுத்தாய் அடுத்த கதவை இழுத்து ரப்பரை எடுத்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயதில், அத்தனை பெண்கள் முன்னால் அழுது நிற்க யாருக்கு மனசு வரும்?

கோவில்பட்டி பைபாஸ் பக்கம் முன்னால் தீப்பெட்டி ஆபீசாக இருந்த ஷெட் அது. இப்போது வீட்டு உபயோகத்துக்குச் சின்ன ஃப்ரிட்ஜ் செய்கிறார்கள். பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வந்துவிடும். கதவு மட்டும் இங்கேயே வரைந்து, இங்கேயே செய்வது. வெளியே தகடு, உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக், நடுவில் குளிரை வெளியே விடாத நுரை. நுரை பொங்கி இறுகிய பிறகு கதவு அழகுத்தாயின் மேசைக்கு வரும். அவள் சுற்றிலும் காந்த ரப்பரை மாட்டி, கீலை வைத்து ஸ்குரூவை முடுக்கி, ஓரத்தில் தன் நம்பர் போட்ட சீட்டை ஒட்டுவாள். பதினேழு அவள் நம்பர்.

அந்தப் பதினேழுதான் இப்போது வினையாகிவிட்டது. விளாத்திகுளத்துக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரே மாதத்தில் ஏழு புகார். கதவு ஒரு பக்கமாகத் தொங்குகிறதாம், மேல் மூலையில் விரல் நுழைகிறதாம், மோட்டார் நிற்காமல் ஓடுகிறதாம். போட்டோ அனுப்பியிருந்தார். ஏழு கதவிலும் பதினேழு.

முதலாளி நவநீதகிருஷ்ணன் கெட்ட மனுசர் இல்லை. தீப்பெட்டிக் காலத்திலிருந்தே ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். ஆனால் அவசரக்காரர். காலையில் கூப்பிட்டு நின்ற வாக்கில் சொல்லிவிட்டார். "ஏழும் ஒன் கை வேலை. கீலை ஒழுங்கா முடுக்கல. திங்கக்கெழமையில இருந்து அட்டைப்பெட்டி ஒட்டப் போயிரு. இன்னொண்ணு வந்துச்சுன்னா வீட்டுல இருந்துக்கோ."

பதினெட்டு வருசம் தரையில் குந்தி உட்கார்ந்து குச்சி அடுக்கியவள் அவள். இங்கே வந்துதான் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள், கழுத்தில் போட்டோ போட்ட அட்டையை மாட்டினாள், கையில் மிஷின் ஸ்குரூடிரைவரைப் பிடித்தாள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். கை சரியில்லாதவள் என்ற பேர் வந்துவிட்டால் அது எங்கே போனாலும் கூடவே வருமே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முதலாளி சொன்னபோது கூட நின்றவள் சுந்தரேஸ்வரி. கதவுக்கு டிராயிங் போடுகிற இன்ஜினியர். முப்பது வயதுகூட ஆகாது. "அண்ணாச்சி, ஒரு கதவையாவது நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணலாமே" என்று அவள் சொன்னாள்.

"பாக்க என்ன இருக்கு? அதான் சீட்டு ஒட்டியிருக்குல்லா?"

"திங்கக்கெழமை வரைக்கும் டைம் குடுங்க. நாளைக்கு நான் போயிட்டு வாரேன். அக்காவையும் கூட்டிட்டுப் போறேன்."

இதைக் கேட்டதும் அழகுத்தாய்க்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். பயம்தான் தோன்றியது. வாடிக்கையாளர் வீட்டில் நிற்கவைத்து, பார் உன் லட்சணத்தை என்று காட்டத்தான் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர்களிடம் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் எட்டயபுரம் வழியாகப் பஸ். பங்குனி வெயில் ஜன்னல் கம்பியைத் தொடவிடவில்லை. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. விளாத்திகுளத்தை நெருங்க நெருங்கக் களமெல்லாம் மிளகாய் வத்தல் காய்ந்தது. பஸ்ஸுக்குள்ளேயே நாலு பேர் தும்மினார்கள்.

புகார் கொடுத்தவர்களில் முதல் பேர் முத்துமாரியம்மாள். ஊர்க் கடைசியில் வீடு, வீட்டுக்குப் பின்னால் மிளகாய்க் காடு. இரண்டு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாங்க தாயி, வாங்க. மூஞ்சி ரெண்டும் செவசெவன்னு கெடக்கு. மொதல்ல தண்ணியக் குடிங்க, அப்பறம் யாரு என்னன்னு சொல்லலாம்."

சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மெரூன் நிறக் கதவு ஒரு பக்கம் சரிந்து, தரையை உரசுவதுபோல வந்தது. அழகுத்தாயின் கண் முதலில் கீலுக்குத்தான் போனது.

அதன் பிறகுதான் கதவுக்குள் இருந்ததைப் பார்த்தாள். கீழ்த் தட்டில் இரண்டு லிட்டர் பாட்டில் நாலு, நடுத் தட்டில் ஒரு லிட்டர் பாட்டில் நாலு. அத்தனையும் கழுத்து வரைக்கும் தண்ணீர். ஃப்ரிட்ஜுக்கு உள்ளே மாவுச் சட்டி ஒன்று, ஒரு கட்டுப் பூ, அவ்வளவுதான்.

சுந்தரேஸ்வரி இரண்டு தம்ளர் குடித்துவிட்டுக் கேட்டாள். "இவ்வளவு தண்ணியையும் கதவுலதான் வைப்பீங்களாம்மா?"

"பெறகு? உள்ள வச்சா மாவு வாடை தண்ணியில ஏறிருதுல்லா. இங்கன குழாத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வந்தா அதிசயம். போர்த் தண்ணி வாயில வைக்க வெளங்காது. வெலைக்கு வாங்குன தண்ணிய மண்ணுல சிந்தவா முடியும்? பாட்டில்ல அடைச்சு வச்சுருவேன். வத்தல் பறிக்க வாரவிய கையெல்லாம் எரிச்சலோட வந்து நிப்பாவ. ஒரு சொம்பு குளுந்த தண்ணி குடுத்தா, அவிய மொகத்தப் பாக்கணுமே! இந்தப் பெட்டிய செஞ்சவுக நல்லாருக்கணும். கதவு கொஞ்சம் கோணிருச்சு, அதுக்கென்ன, எனக்கும்தான் இடுப்பு கோணிருச்சு. கடைக்காரர் அண்ணாச்சிதான் எழுதிப் போடுதேன்னாரு."

கோணிய கதவுக்கு வாழ்த்து! அழகுத்தாய் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு கீலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஸ்குரூவாகத் திருகிப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. அவள் முடுக்கினது முடுக்கினபடியே இருந்தது. கீலைச் சுற்றியிருந்த தகடுதான் சட்டி நெளிந்ததுபோல உள்ளே அமுங்கியிருந்தது.

"மேடம், இங்கன பாருங்க."

சுந்தரேஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். விரலால் அந்த அமுக்கத்தைத் தடவினாள். விரல் கணுவால் தட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் பின்னால எதுவுமே இல்லக்கா. வெறும் நுரைதான். நாலு லிட்டர் வைப்பாங்கன்னு நெனைச்சுத்தான் டிராயிங் போட்டேன். இங்க பன்னெண்டு இருக்கு."

அடுத்த தெருவில் இன்னும் இரண்டு வீடு பார்த்தார்கள். அங்கேயும் கதவு நிறையத் தண்ணீர், அதே நெளிவு. இந்தக் கதவுகளைச் செய்த வாரம் அழகுத்தாய் மாட்டிய மெரூன் கதவு மொத்தமும் இந்தத் தண்ணியில்லாத பக்கத்துக்கு வந்திருக்கிறது. தங்கமாரி மாட்டியதெல்லாம் மதுரைப் பக்கம் போய் சௌக்கியமாக இருக்கிறது. விசயம் இவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழகுத்தாய் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மேடம் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். முதலாளி முன்னால் நின்று சொல்ல வேண்டுமே. சூப்பர்வைசர் செய்த தப்பு குச்சி அடுக்குகிறவள் தலையில் விடிந்ததை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மேடமும் வேலை பார்க்கிறவள்தான். அவளுக்கும் வயிறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழகுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளி அறையில் சுந்தரேஸ்வரி டிராயிங்கை மேசையில் விரித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. அக்கா கை வேலையில ஒரு கொறையும் இல்ல. ஏழு புகாரும் என் பேர்லதான் எழுதணும்."

அழகுத்தாய் சுவரோரம் நின்றிருந்தாள். இருபது வருசத்துக்கு மேல் அடுத்தவர்களிடம் கை கட்டி வேலை பார்த்தவள். அவளுக்கு மேலே இருந்த ஒருவர், அவள் காதுபடத் தப்பு என்னோடது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று துடைக்காமலே நின்றாள்.

நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "சரி விடு, ஆனது ஆச்சு. ஒரு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிருவோம். கதவில் இரண்டு பாட்டிலுக்கு மேல் வைக்கக் கூடாதுன்னு போட்ருவோம். வேலை முடிஞ்சுது."

அழகுத்தாய் தப்பித்துவிட்டாள். அந்த நிமிசமே கும்பிடு போட்டுவிட்டு மேசைக்குப் போயிருக்கலாம். கால் நகரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா? வைக்காதீகன்னு சொன்னா அவிய வைக்காம இருப்பாவளா? அந்த வீட்டுல தண்ணிய எங்கன கொண்டு வைப்பாவ? அதுக்குன்னுதான் அந்தப் பெட்டியவே வாங்கியிருக்காவ. கதவைத் தாங்குற மாதிரி செஞ்சு குடுத்துருவோம்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"முடியுமா?" என்று சுந்தரேஸ்வரியைக் கேட்டார்.

"கீலுக்குப் பின்னால ரெண்டு எடத்துலயும் இரும்புத் தகடு வச்சுட்டு அதுக்கப்புறம் நுரை விடணும். கதவுக்கு மூணு நிமிசம் கூட ஆகும்."

"யாரு வைப்பா? எல்லாரும் மூணு நிமிசம் மூணு நிமிசம்னு என் உயிரை வாங்கிருவாளுக."

"நான் வச்சுத் தாரேன்" என்றாள் அழகுத்தாய்.

முதல் கதவு புதன்கிழமை தயாரானது. ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் தண்ணிப் பாட்டிலைக் கொண்டுவந்து அதில் அடைத்தார்கள். தங்கமாரி மட்டும், "எனக்குத் தாகமெடுத்தா எங்கன போவேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். இரண்டு நாள் ஆள் மாற்றி ஆள் நின்று கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். கடைசியில் சுந்தரேஸ்வரி நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, மேல் மூலையில் வைத்துக் கதவை மூடினாள். ரப்பர் இடைவெளியில்லாமல் பிடித்திருந்தால் தாள் இழுத்தாலும் வராது. முதலாளியே வந்து இழுத்தார். தாள் வரவில்லை, கிழிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அழகுத்தாய் சுந்தரேஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் சரியான சமயத்தில் காணாமல் போய்விட்டது. "மேடம், நீங்க நல்லாருக்கணும்" என்பது மட்டும்தான் வந்தது.

"நான்தான்க்கா உங்களுக்கு நன்றி சொல்லணும். நீங்க ஒரு ஸ்குரூவை லூசா விட்டிருந்தாலும் நானும் அதுதான் காரணம்னு நெனைச்சுட்டு வந்திருப்பேன். அந்த ஊரு முழுக்கக் கோணக் கதவா குடுத்துட்டே இருந்திருப்பேன்."

அடுத்த வாரம் ஏழு புதுக் கதவுகளை ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். முத்துமாரியம்மாள் வீட்டில் பழைய கதவைக் கழற்றிவிட்டு அழகுத்தாயே புதுசை மாட்டினாள். அவள் மாட்டி முடிக்கும் வரைக்கும் முத்துமாரியம்மாள் பாட்டில்களை மடியிலும் கையிலுமாகக் கட்டிக்கொண்டு ஒதுங்கியே நின்றாள்.

"தாயி, கோவிச்சுக்கிடாதீக. கடைக்காரர் அண்ணாச்சி சொல்லிட்டாரு. நான்தான் கூறு இல்லாம தண்ணிய அடைச்சு வச்சுக் கதவைக் கெடுத்துப்புட்டேன். இனிமே ரெண்டே ரெண்டு பாட்டில்தான் வைப்பேன். கம்பெனியில சொல்லிருங்க, தப்பு என் மேலதான்."

அழகுத்தாய் எழுந்தாள். முத்துமாரியம்மாளின் மடியிலிருந்து ஒரு பாட்டிலை வாங்கிக் கதவில் வைத்தாள். இன்னொன்றை வாங்கினாள். எட்டையும் வைத்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"மதினி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்க மேல. எங்க கதவுதான் தாங்கல."

இப்படி ஒரு பேச்சை முத்துமாரியம்மாளிடம் யாரும் அதுவரைக்கும் பேசியதில்லை போலிருக்கிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடிய கதவை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.