காது மிசினும் குளவி மலையும்

அம்மாவைத் தேயிலை மலையிலிருந்து பாதி நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு எட்டு மாதம் நடையாய் நடந்து நான் வாங்கிக் கொடுத்த காது மிசின் அது. பட்டம் வாங்கி ஒன்றரை வருடமாக வேலையில்லாமல் கிடப்பவள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். மறுநாள் காலையில் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன்.

வீரசிங்கம் கங்காணி பேர் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா தாயி. சண்டைக்கா, சமாதானத்துக்கா?"

"அது இயர்போன் இல்லங்க. காது கேக்காதவங்க மாட்டுற மிசின். தெரியாட்டி கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

"டிகிரி முடிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "போன மாசம் ஏழாம் நம்பர் மலையில குளவி கெளம்புனப்ப எல்லாரும் கத்திக்கிட்டு ஓடுனாங்க. பாட்டு மாட்டியிருந்த ஒருத்தி மட்டும் கொழுந்து பறிச்சிக்கிட்டே நின்னா. நாப்பது கொட்டு. இன்னும் எந்திரிக்கல. அதான் காதுல ஒண்ணும் கூடாதுன்னு தொர சொல்லிட்டாரு."

"இது இல்லாட்டித்தான் அம்மாவுக்கு நீங்க கத்துறது கேக்காது!" அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் அதை வாங்கவே இல்லை. "நேத்து ஒங்கம்மா பின்னால நின்னு நாலு தடவ கூப்புட்டேன். திரும்பல. தலத்துண்டுக்குள்ள கீச்சு கீச்சுன்னு வேற ஒரு சத்தம். அது என்னா?"

எதையாவது வைத்து நெருக்கி மூடினால்தான் மிசின் அப்படிக் கீச்சிடும். அம்மா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தாரில் இருக்கும் தம்பி நிஷாந்த் வாரம் ஒருமுறை குரல் செய்தி அனுப்புவான். அவன் கொடுத்தனுப்பிய இயர்போனை மாட்ட வேண்டுமென்றால் மிசினைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஒன்றும் கேட்காது. "மிசினோட மைக்கு காதுக்கு மேல இருக்கும்மா, போன அங்க வச்சுக் கேளு" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அவள் போனைத் தலைத்துண்டுக்குள்ளேயே செருகிக் கட்டியிருக்கிறாள்.

"மலையிலயாம்மா?"

"லயத்து வீட்டுல எங்கடி நேரம்? வந்தா தண்ணி, வெறகு, சோறு. ரெண்டு வருசமா வீடியோவுல அவென் பேசுனது எனக்கு வெறும் வாயசைப்பு. இப்பத்தான் கேக்குது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கங்காணி பேனாவை மூடித் திறந்தார்.

"போன மகக்கிட்ட குடு வேலாயி. மிசின மாட்டிக்க. அது இல்லாம மலைக்கு வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"அப்ப நாள் முழுக்க ஒங்க சத்தத்தத்தான் நான் கேக்கணுமா?"

களமே சிரித்தது. கங்காணியும் சிரித்துவிட்டார். நான்தான் சண்டையில் ஜெயித்தவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா போனை என் கையில் வைத்தாள். நிஷாந்தின் கடைசிச் செய்தி பாதியில் நின்றிருந்தது. கூடையை மாட்டிக்கொண்டு நாலடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"சாயந்தரம் வெறகு நீ எடுத்துரு. மிச்சத்த நான் ஒக்காந்து கேக்கணும்."