கங்கைச் செம்பு

அப்பா குழாய் வேலைக்காரர். அம்மாவோடு யாத்திரை போனபோது, வாய் அடைத்து ஈயம் பூசிய சின்னச் செம்பில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா திடீரென்று போய்விட்டாள். செம்பைத் திறக்கக்கூட நேரமில்லை. கடைசி நேரத்தில் அவள் வாயில் ஒரு சொட்டு விடவில்லையே என்ற குறை அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது அவரே நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். "செம்பு..." என்றார் அப்பா. மகள் வீட்டுக்கு ஓடி எடுத்துவந்தாள்.

வராந்தாவில் நின்று அண்ணன் ஈயத்தைப் பெயர்த்தான். செம்பைக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை.

"அதோ குழாய் இருக்கு. பிடிச்சுட்டு வா. அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணா."

பஸ் ஓட்டும் அண்ணன் எதற்கும் கலங்காதவன். அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மகள் அப்பாவின் காதருகே குனிந்தாள். "அப்பா, செம்பு காலிப்பா. கசிஞ்சு போயிருக்கு."

அவர் முகம் சுருங்கியது. பிறகு உதடு மெல்லக் கோணியது, சிரிக்கிறார்! "ஊர்க் கசிவெல்லாம் அடைச்சேன்... வீட்டுச் செம்பைக் கோட்டை விட்டுட்டேன்."

"என்னப்பா செய்யறது?"

"தினம் குளிக்கறப்ப... கங்கான்னு கூப்பிட்டுத்தானே தலையில ஊத்திக்கறேன். குழாய்த் தண்ணிதான். அவ வராமலா இருந்தா?"

குடிக்கக் கொடுக்கக் கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று நர்ஸ் பஞ்சு கொடுத்தாள். மகள் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். "கங்கா, வாம்மா" என்றாள். பஞ்சால் அவர் உதட்டை ஒற்றினாள். அவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"உங்கம்மாவுக்கும் ஒரு சொட்டு" என்றார்.

மகள் திகைத்தாள். அம்மாவுக்கு எங்கே விடுவது? அண்ணன் முன்னே வந்து உள்ளங்கையை நீட்டினான். அவள் பஞ்சைப் பிழிந்தாள். தாயின் வாயாகத் தன் வாயை நினைத்து அவன் அதை உறிஞ்சினான். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அப்பா பிழைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் தூக்கத்திலேயே போனார். மனக்குறை தீர்ந்த முகம். பாதி திறந்திருந்த கண்களை அண்ணன்தான் மூடிவிட்டான்.