வலிக்காத தோள்

ஜேசுபாதத்துக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருவார், எழுந்திருப்பார், எக்ஸ்ரே அறைக் கதவை முறைத்துவிட்டு மறுபடியும் உட்காருவார். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்குக் குளி தொடங்க இன்னும் நான்கே நாள். வலது தோளில் மூன்று மாதமாக வலி. கை தலைக்கு மேல் போவேனா என்கிறது. போன வருஷம் ஒருத்தன் கை விளங்காமல் கடலடியிலேயே தங்கிவிட்டதிலிருந்து வள்ளத்துக்காரர் கறாராகிவிட்டார். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சீட்டுக் கொடுத்தால்தான் படகில் ஏற்றுவாராம்.

"ஒங்க புத்தி எனக்குத் தெரியும். வலிக்கித தோளக் காட்டுங்க" என்று சொல்லித்தான் விக்டோரியா அனுப்பினாள். பெண்டாட்டி சொல்லி இந்த மனிதர் எதைக் கேட்டிருக்கிறார், இதைக் கேட்க?

டாக்டருக்கு அன்று தலைக்கு மேல் வேலை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தோள்வலியா? படம் எடுத்துட்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

எக்ஸ்ரே எடுக்கிற பால்துரை கேட்டார்: "எந்தத் தோளுவே?"

"எடது" என்றார் ஜேசுபாதம். நல்ல தோளைக் காட்டினால் சீட்டுக் கிடைத்துவிடும் என்று கணக்கு.

"மூச்ச அடக்கி அசையாம நில்லும்."

அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே. கண்ணை மூடி நின்றார். படம் எடுத்து, தகட்டை உருவி, உள்ளே வைத்துவிட்டு வந்த பால்துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் அப்படியே நிற்கிறார்.

"ஏய்யா, உசுரு இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்றார் ஜேசுபாதம். பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மத்தியானம் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஜேசுபாதம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எலும்பு முனை அரிச்சுப் போயிருக்கு. ரொம்ப நாள் சேதம். இந்தத் தோள வச்சிக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்குனா மேல வரமாட்டீரு. சீட்டுக் கிடையாது."

"இது என் படந்தானா ஐயா?" என்று ஜேசுபாதம் இரண்டு தரம் கேட்டார். டாக்டர் மூலையில் எழுதியிருந்த பெயரைக் காட்டினார்.

ஜேசுபாதம் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். நேரே தலைக்கு மேல் போயிற்று. ஒரு சின்ன வலிகூட இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"இவ்வளவு வலிய எப்படிவே தாங்குனீரு?" என்றார் டாக்டர்.

"ஐயா," ஜேசுபாதம் தூக்கிய கையை இறக்கினார். "இது வலிக்காத தோளு. வலிக்கித தோளு மத்தது."