பதினைந்தாவது மைல்

திங்கட்கிழமை மைனாட் நகரத்தில் நர்ஸ் படிப்பு தொடங்குகிறது. வீட்டிலிருந்து நாற்பது மைல். மார்லிஸுக்கு அம்மா விட்டுப்போன பழைய கார் பதினைந்தாவது மைலிலேயே நின்றுவிடும். அரை மணி கழித்துக் கிளம்பும், மறுபடி நிற்கும். போன வருஷம் கிடைத்த இடம் அப்படித்தான் போயிற்று. அதற்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரி வேலை.

ஒவ்வொரு தடவையும் புருஷன் டுவைட்தான் கயிறும் ஃபிளாஸ்கில் காப்பியுமாக டிரக்கில் வந்து இழுத்துப்போவான். ஒரு வார்த்தை கடிந்ததில்லை. இப்படி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான் என்று சர்ச்சில் பெண்கள் மாய்ந்து மாய்ந்து சொல்வார்கள். தொந்தரவு கொடுத்ததற்காக மார்லிஸ் அவனிடம் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறாள்.

துருதான் பெட்ரோலை அடைக்கிறது என்று இன்று அவளும் தங்கை வெர்னாவும் டேங்க்கைக் கழற்றிப் புல்லில் போட்டு, உள்ளே சங்கிலியை விட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து உலுக்கினார்கள்.

"துரு உதிருதோ இல்லையோ, என் தோள்பட்டை உதிர்ந்துடும்" என்றாள் வெர்னா.

"பேசாம ஆட்டுடி. உன் கல்யாணத்துல இதைவிட மோசமா ஆடின."

வாசற்படியில் பீரோடு உட்கார்ந்திருந்தான் டுவைட். "அந்தக் கிழட்டுச் சனியனைப் பழைய இரும்புக்குப் போடுன்னா கேக்கறியா?"

சோப்புத் தண்ணீர் விட்டு நான்கு முறை அலசியும் பிடி துருகூட வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்த மார்லிஸ், கம்பியை வளைத்து உள்ளே விட்டாள். கொழகொழவென்று வந்தது ரொட்டி வாங்கும் பிளாஸ்டிக் பை. பின்னாலேயே இன்னொன்று. வண்டி ஓட ஓட, பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயை இதுதான் அடைத்திருக்கிறது. நின்றதும் விலகியிருக்கிறது.

"காத்துல பறந்து வந்து உள்ள விழுந்துச்சாக்கும்" என்றாள் வெர்னா.

டேங்க் மூடிக்குப் பூட்டு உண்டு. திருட்டுப் பயம் என்று டுவைட்தான் மாட்டினான். சாவி இரண்டு. ஒன்று இவளிடம், ஒன்று அவனிடம்.

சொட்டச் சொட்டப் பைகளைக் கொண்டுபோய் அவன் காலடியில் போட்டாள். அவன் பொய் சொல்லவில்லை.

"போயிருந்தா நீ திரும்பி வந்திருக்க மாட்ட."

"காப்பி வேற போட்டுக் கொண்டுவந்தியே."

"ரோட்டுல குளிருமேன்னுதான்."

அதை உண்மையாகவே சொன்னான். அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

வளையத்திலிருந்து மெதுவாகக் கழற்றிக் கொடுத்தான். "திங்கக்கிழமை சாயந்திரம் நீ திரும்பி வந்துடுவதானே, மார்லிஸ்?"

டேங்க் உள்ளே இன்னும் ஈரம். காய இரண்டு நாள்தான் இருக்கிறது. அவள் காற்றடிக்கும் மெஷினின் குழாயை டேங்க் ஓட்டைக்குள் செருகி மோட்டாரைப் போட்டாள். அதன் இரைச்சலில் அவன் மேற்கொண்டு சொன்னது எதுவும் காதில் விழவில்லை.