ஒன்பதாவது ஓட்டு

போன தேர்தலில் அவளுடைய வாக்குச்சாவடியில் அவள் கட்சியின் சீப்புச் சின்னத்துக்கு விழுந்தது ஒன்பதே ஓட்டு. அதில் எட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஒன்பதாவது யாருடையது என்று தெரியாது. அந்த ஒன்றை நினைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் கட்சி வேலை பார்த்துவருகிறாள் என்று சொன்னால் கட்சிக்காரர்களே சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் கண்ணாடிக்கார அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கண் பரிசோதிப்பது அவள் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, அதில் ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பாள். ஒரு நாளில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு முழத் தூரத்தில் முகத்துக்கு முகம் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணுக்குள் பார்க்கிற வேலை. பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் வேறொரு கேள்வியும் ஓடும். நீங்களா? நீங்கள்தானா அது?

முன்பெல்லாம் இப்படி ஆள் தேட வேண்டியிருந்ததில்லை. கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மில் குடியிருப்பு, இந்தப் பக்கம் அவள் தெரு. இரண்டும் ஒரே தேர்தல் வட்டமாக இருந்தன. வேலை முடிந்து பாலத்தைத் தாண்டினால் போதும், பத்து வாசலில் நாற்காலி போடுவார்கள். கூட்டம் என்று தனியாக ஒன்றும் கூட்ட வேண்டாம். குழாயடியில் நின்றாலே கூட்டம்தான். பிறகு ஆளும் கட்சி எல்லையை மாற்றி வரைந்தது. சீப்புக்குப் போடுகிற வீடுகளையெல்லாம் அள்ளி ஒரே வட்டத்துக்குள் திணித்தார்கள். அங்கே சீப்பு குவியல் குவியலாக ஜெயித்தது. அந்தக் குவியலில் பாதி ஒன்றுக்கும் உதவாது; ஒரு இடத்துக்கு மேல் இரண்டு இடமா கிடைக்கப் போகிறது. அவளுடைய தெருவைப் பிய்த்தெடுத்து அடுக்குமாடிக் கட்டடங்களோடு சேர்த்தார்கள். கோப்பைத் தேநீரில் விழுந்த ஒரு சிட்டிகைச் சர்க்கரை மாதிரி தெரு அதில் கரைந்து காணாமல் போயிற்று. பாலம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் போனால் இப்போது அவள் விருந்தாளி.

ஓட்டு எண்ணிய அன்று ஒன்பது என்று சொன்னபோது மேசையைச் சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள், அவள் கணவர், நாத்தனார், எலெக்ட்ரீஷியன், அவர் மனைவி, ரொட்டிக்கடை அண்ணன் தம்பி இருவர், ஓய்வுபெற்ற தபால்காரர். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

அப்படியானால் யாரோ ஒருவர் யாரும் கேட்காமலே வரிசையில் நின்று, மறைப்புக்குள் போய், அத்தனை சின்னங்களுக்கு நடுவே சீப்பைத் தேடி அழுத்திவிட்டு, வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த முதுகை அவள் மனதுக்குள் எத்தனையோ விதமாகப் பார்த்தாயிற்று. சில நாள் அது ஒரு பெண்ணின் முதுகாக இருந்தது. சில நாள் கூன் விழுந்திருந்தது. முகம் மட்டும் திரும்பவே இல்லை.

தேடாமலும் இல்லை. ஒருமுறை அடுக்குமாடியிலிருந்து வந்த ஒரு பெண் கடைக் கண்ணாடி முன்னால் நின்று பையிலிருந்து சீப்பை எடுத்து நிதானமாகத் தலைவாரினாள். வாரிக்கொண்டே கண்ணாடி வழியாக இவளைப் பார்த்துச் சிரித்தாள். இவளுக்கு அவள்தான் அது என்று தோன்றிவிட்டது. அர்த்தம் தொனிக்கப் பதிலுக்குச் சிரித்து, தலையையும் அசைத்துவைத்தாள். அந்தப் பெண் திரும்பி, "என்னங்க, தலையில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று கேட்டாள். எதிர்க்கடைச் சாவிக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சாவிக்காரருக்கும் அதே வாக்குச்சாவடிதான்; ஆனால் அது அவர் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அவர் கடைக் கதவில் ஆளும் கட்சியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தலை சுத்தமான வழுக்கை. பிரசுரம் கொடுக்கப் போனால், "எனக்கு எதுக்கு தங்கச்சி சீப்பு? நீயே நல்லாப் பாத்துச் சொல்லு" என்று தலையைக் குனிந்து காட்டுவார். அந்த ஒன்பதை வைத்து அவர் செய்யாத கேலி இல்லை. கிரிக்கெட் டீமுக்கே இன்னும் ரெண்டு பேர் வேணுமே என்பார். அவளும் விடமாட்டாள். கொஞ்ச காலமாக அவர் வெட்டுகிற சாவிகள் பூட்டுக்குள் போகாமல் திரும்பி வந்துகொண்டிருந்தன. சாவியை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். வந்து உட்காருங்கள், கண்ணைப் பார்த்துவிடலாம் என்று அவள் கூப்பிட்டால், கண்ணுக்கு ஒன்றுமில்லை, கைதான் வரவரக் குட்டையாகிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிடுவார்.

இந்தத் தேர்தலுக்குப் புதிதாக ஒரு விதி வந்தது. போன தடவை மிகக் குறைவாக வாங்கிய கட்சியின் சின்னம் ஓட்டு இயந்திரத்தில் இருக்க வேண்டுமானால், அந்த வட்டத்து வாக்காளர்கள் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கட்சிச் செயலாளர் போனில் அவளிடம் நயமாகத்தான் பேசினார். இந்த வட்டத்தை விட்டுவிடலாம், யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து வேலை பாருங்கள், அங்கே ஜெயிக்கிற இடம் என்றார். ஜெயிக்கிற இடத்தில் நான் எதற்கு என்று அவள் கேட்டாள். கடைசி நாள் மாலைக்குள் கையெழுத்துத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தால் பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சின்னமே இல்லாமல் போனால் அந்த ஒன்பதாவது ஆள் மறைப்புக்குள் நின்று தேடித் தேடிப் பார்ப்பாரே என்பதுதான் அவளை வாட்டியது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிற அந்த முதுகு.

எட்டுப் பேரும் கையோடு இருக்கிறார்கள், ஒரே நாள் வேலை என்று நினைத்துத்தான் கிளம்பினாள். எலெக்ட்ரீஷியன் வாசலிலேயே மடக்கினார். ஆளும் கட்சி மேடைக்கு விளக்குப் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது, ஓட்டு என்றால் போடுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அவர் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "அவர் பயந்தா அது அவர் பாடு. எங்க போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார், ரொட்டிக்கடைக்காரர்கள், தபால்காரர் எல்லாரும் போட்டார்கள். அவளையும் சேர்த்து ஆறு. கணவருடையது வீட்டுக் கையெழுத்து, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆக ஒன்று குறைந்தது. அந்த ஒன்றுக்காக அடுக்குமாடியில் ஏறி இறங்கினாள். கதவைத் திறந்தவர்கள் நல்ல மாதிரிதான் பேசினார்கள். ஒருவர் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, மாற்றித் தருவீர்களா என்று கேட்டார்.

கடைசி நாளுக்கு முந்தைய மாலை. கணவர் வேலை முடிந்து வந்து சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். விரல் இடுக்கில் ஏறிய கிரீஸ் எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அவள் தாளையும் பேனாவையும் மேடையில் வைத்தாள்.

"உங்க கையெழுத்தையாவது முதல்ல போட்டுடுங்க. மிச்சம் ஒண்ணை நாளைக்குப் பாத்துக்கறேன்."

அவர் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். போன தேர்தல்ல சீப்புக்கு விழுந்ததுல என் ஓட்டு இல்ல."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"கடைசியில 'யாருக்கும் இல்லை'ன்னு ஒண்ணு இருக்கும்ல. அதை அழுத்திட்டு வந்தேன்."

"ஏங்க?"

"உன் சின்னத்துக்கு வர்ற ஓட்டு இன்னும் கொஞ்சம் கொறைஞ்சா, போதும்னு உனக்கே தோணிடும்னு நெனச்சேன். நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு."

"நான் வீட்டுலதானே இருக்கேன்."

"இருக்கே" என்றார் அவர். "பக்கத்துலதான் உக்காந்திருக்கே. பார்வை மட்டும் ஜன்னலுக்கு வெளியில யாரையோ தேடிட்டிருக்கு. அது யாருன்னு எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல."

அவள் தாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். கோபமாக இருந்தது. எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பாள், தன் வீட்டு ஓட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. எதிரே அடுக்குமாடியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. பின்னால் சமையலறையில் அவர் பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம். அது சமாதானத்துக்கு வருகிறவர் நகர்த்துகிற சத்தம் என்று அவளுக்குத் தெரியும். வெட்கமும் வந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக இவள் ஏங்கிய அதே வருஷங்களில், முகம் தெரிந்த இவளுக்காக அவர் ஏங்கியிருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு ஏக்கம், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஏதோ உறைத்தது. விரலை மடக்கிப் பார்த்தாள். எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அப்ப ரெண்டு பேரு."

"என்ன ரெண்டு பேரு?"

"நீங்க போடலைன்னா எனக்குத் தெரிஞ்சது ஏழுதான். விழுந்தது ஒன்பது. ஒருத்தர்னு நெனச்சுட்டிருந்தேன். ரெண்டு பேரு இருக்காங்க."

அவர் அவளையே பார்த்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றவருக்குக் கையில் என்ன கிடைத்தது என்று பிடிபடாதது போல இருந்தது. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "உன்னை என்னதான் செய்யறது" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. அன்று ஜன்னல் திரையை அவளே இழுத்து மூடிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

காலையில் அவள் எழுந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பியிருந்தார். மேசையில் தாள் இருந்தது. ஏழாவது இடத்தில் அவர் கையெழுத்து. பக்கத்தில் கிரீஸ் படிந்த ஒரு கட்டைவிரல் தடம். போன் செய்தாள். கையெழுத்து வேறு, ஓட்டு வேறு, ஓட்டு தன் இஷ்டம் என்றார். சரி என்றாள்.

தாளைக் கடைக்குக் கொண்டுபோய், கிட்டத்தில் எழுத்து தெரிகிறதா என்று படிக்கக் கொடுக்கிற அட்டைகளோடு மேசையில் வைத்தாள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மத்தியானம் வரை வந்தவர்கள் கண்ணைக் காட்டினார்கள், பவர் எழுதி வாங்கினார்கள், போனார்கள். ஒவ்வொருவரிடமும் வாய் வரை வந்ததை விழுங்கினாள். யாருக்குப் போட்டீர்கள் என்று அவள் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. கேட்டு வாங்கிவிட்டால் அது அவர்கள் தானாகக் கொடுத்தது ஆகாதே.

சாப்பாட்டு நேரம் தாண்டிச் சாவிக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். ஒரே ஆள் ஒரே சாவியை மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் விட்டெறிந்துவிட்டுப் போனானாம். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "பாத்துத் தொலை" என்றார்.

அவள் வட்டச் சட்டத்தை மாட்டினாள். வழுக்கைத் தலையும் அந்தச் சட்டமுமாக அவரைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது, அடக்கிக்கொண்டாள். தூரத்து எழுத்துகளைக் கடகடவென்று படித்தார். மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு, லென்ஸ் எடுக்கத் திரும்பினாள். பின்னால் அவர் குரல் ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத் தடுமாறி வந்தது.

"கீழே... கையொப்பம்... இட்டுள்ள நாங்கள்..."

அவர் எடுத்தது அட்டை இல்லை. அவள் தடுக்கவில்லை. ஒரு லென்ஸைப் போட்டாள். "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருந்துச்சா?" கை பழக்கத்தில் வேலை செய்தது.

"இதுதான்" என்று சொல்லிவிட்டு மளமளவென்று படித்தார். இந்த வட்டத்தின் வாக்காளர்களாகிய நாங்கள், மேற்படி சின்னம் இடம்பெற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். உன் வீட்டுக்காரர் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது என்றார். பிறகு நிறுத்தினார்.

"எட்டாவது இடத்துல ஒண்ணும் தெரியலையே. என் கண்ணுதான் தெரியலையா, இல்ல அங்க ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்லண்ணே. காலிதான்."

அவர் தாளை நீட்டிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், அவளைப் பார்த்தார். சட்டத்துக்குள் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"அண்ணே, இது என்னன்னு தெரியுமா?"

"இப்பத்தானே படிச்சேன்." கையெழுத்து கோட்டின் மேல் நேராக விழுந்தது. "முடியில்லாதவன் சீப்புக்குக் கையெழுத்து போட்டான்னு தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். நீ இல்லைன்னா நான் யாரைக் கிண்டல் பண்றது? எங்காளுங்களைக் கிண்டல் பண்ண முடியுமா? கையை ஒடிச்சுடுவாங்க."

கேட்டுவிடலாம் என்று இருந்தது. ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்களா என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் அவர் கண்ணுக்குள் பார்த்தாள். அதில் சின்னதாக அவள்தான் தெரிந்தாள். கேட்கவில்லை. பவரைச் சீட்டில் எழுதினாள்.

அவர் சட்டத்தைக் கழற்றாமலே எழுந்து வாசல் வரை போய் நின்றார். "தெரு மொத்தமும் மங்கலா இருக்கே, தங்கச்சி."

"அது கிட்டக்க பாக்கறதுக்கு மட்டுந்தாண்ணே. தூரத்துக்கு வேற. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, அது கடையோடது."

அவர் போனதும் கணவருக்குப் போன் செய்து எட்டு ஆகிவிட்டது என்றாள். யார் அது, நீ தேடுகிற ஆளா என்று கேட்டார். தெரியாது, கேட்கவில்லை என்றாள். பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறேன், கையோடு போய்க் கொடுத்துவிட்டு வரலாம் வா என்றார்.

இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். தாள் அவளுடைய பைக்குள் மடங்காமல் இருந்தது. எதிரே வேலை விட்டு வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். காய்கறிப் பை வைத்திருந்த ஒரு பெண் இவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். வழக்கம்போல அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். நீங்களா? கடந்து இரண்டு அடி போன பிறகு பக்கத்தில் கணவரைக் காணவில்லை. திரும்பினாள். அவர் நின்று, போகிற அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.